அங்கோர் வாட் டிக்கெட்டுக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: ஜனவரியில் அம்மா (64 வயது, மூட்டு வலி உண்டு), மனைவி, 11 வயது மகனுடன் கம்போடியா போகிறோம். அங்கோர் வாட் கோயிலுக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் மூன்று நாள் தங்கல். அங்கோர் வாட் டிக்கெட் அங்கே போனால் கிடைக்காது, இப்போதே தலைக்கு 8,500 ரூபாய் கட்டுங்கள் என்கிறார் டிராவல் ஏஜென்ட். மகனுக்கும் சேர்த்துத்தான். கட்டலாமா? அம்மாவால் கோயிலைப் பார்க்க முடியுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: கட்டாதீர்கள். அங்கோர் டிக்கெட் தீர்ந்துபோய் யாரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அது முதல் நாள் சினிமா டிக்கெட் அல்ல. வெளிநாட்டவருக்கு ஒரு நாள் பாஸ் 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் பாஸை அடுத்தடுத்த நாளில் தீர்க்க வேண்டியதில்லை, பத்து நாளைக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். 62 டாலர் என்றால் நம் காசில் ஐயாயிரத்துச் சொச்சம். மிச்சம் எதற்கு என்று ஏஜென்டைக் கேளுங்கள், 'சர்வீஸ் சார்ஜ்' என்பார். என்ன சர்வீஸ் என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

விற்பது அங்கோர் என்டர்பிரைஸ் என்ற அரசு நிறுவனம். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டரில் கவுன்டர். கோயில் வாசலில் விற்கமாட்டார்கள், எங்கோ ஒரு கட்டடத்துக்குப் போய் வாங்கிக்கொண்டு இன்னொரு பக்கம் போக வேண்டும். இந்த அலைச்சல்தான் இடைத்தரகனுக்குச் சோறு போடுகிறது. இணையத்திலும் வாங்கலாம். முகவரி 'ஜிஓவி புள்ளி கேஎச்' என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். விசாவுக்கும் அதே பரிசோதனைதான். சுற்றுலா விசாக் கட்டணம் 30 டாலர். ஆனால் தேடினால் மேலே வந்து நிற்பது அரசுத் தளம் மாதிரியே கொடியும் முத்திரையும் போட்ட தனியார் தளம். விமானத்தில் போகிறவர்கள் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம் முழுக்க இலவசம், அதற்கும் காசு கறக்கிறார்கள். இதையெல்லாம் தடுக்க அங்குள்ள அதிகாரிகளுக்கு நேரமில்லை. நாம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி. 'ஒரு நாள்தான் போனேன், மிச்சம் இரண்டு நாளைப் பாதி விலைக்குத் தருகிறேன்' என்று ஹோட்டல் வாசலில் யாராவது பாஸை நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். பாஸில் வாங்கியவரின் போட்டோ இருக்கும். கோயிலுக்குக் கோயில் அதையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

உங்கள் மகன் விஷயம். 12 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆக, ஏஜென்ட் கேட்ட நாலு டிக்கெட்டில் ஒன்று வெறும் காற்று. ஆனால் வயதுக்குச் சான்று பாஸ்போர்ட். பையன் உயரமாக இருந்தால் கட்டாயம் கேட்பார்கள். ஆதார் அட்டை அங்கே செல்லாது, பள்ளி அடையாள அட்டையும் செல்லாது. பாஸ்போர்ட்டை ஹோட்டல் லாக்கரில் பூட்டிவிட்டு வந்து வாசலில் வாதாடாதீர்கள். இதோடு முடியவில்லை. இலவசமாக உள்ளே வரும் அதே பையன், நடுக்கோபுரத்தின் பாகான் என்ற மேல்தளத்துக்கு மட்டும் ஏற முடியாது. அங்கே 12 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. நீங்களும் மனைவியும் மேலே போனால் அவன் கீழே நிற்க வேண்டும். அம்மாவும் ஏறப்போவதில்லை, பாட்டியும் பேரனும் துணைக்குத் துணை. போகிறவர்களுக்குத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பௌத்த விரத நாட்களில் மேல்தளம் மூடியிருக்கும். நம் தினசரி காலண்டரில் அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் முன்பின் இருக்கலாம்.

அம்மா பாகானுக்கு ஏறவே வேண்டாம். மரப்படி போட்டுக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள் என்றாலும் அது கிட்டத்தட்ட ஏணி. நஷ்டம் ஒன்றுமில்லை, அங்கோர் வாட்டின் உயிர் கீழ்ச் சுற்றில்தான் இருக்கிறது. எல்லோரும் மேற்கு வாசலில் இறங்கி, 190 மீட்டர் அகழியைத் தாண்டி, வெயிலில் இன்னும் அரைக் கிலோமீட்டர் போல நடந்து, உள்ளே நுழையும்போதே சோர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் கிழக்குப் பக்கம் இறங்குங்கள். மரநிழலில் மண்பாதை. அது முடிகிற இடத்தில் இடப்பக்கச் சுவரில் பாற்கடல் கடைகிறார்கள். 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சிற்பம். வாசுகியின் ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால், காலடியில் ஆமை. கயிறுபோல் இழுக்கப்பட்ட பாம்புக்குக் கீழே மீனும் முதலையும் துண்டுதுண்டாகச் சிதறுவதைப் பையனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காலையில் போங்கள், அந்தச் சுவரில் வெயில் சாய்ந்து விழும் நேரம் அது. 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய கோயில் என்று எந்தக் கைடும் சொல்வார். ஆனால் இந்தச் சுவர் முன் அரை மணி நேரம் நிற்க அவர்கள் யாரும் விடுவதில்லை, அவசரப்படுத்துவார்கள்.

பிறகு மெல்ல மேற்கே நடந்து வெளியேறுங்கள், டுக்டுக்காரரை அந்தப் பக்கம் வந்து நிற்கச் சொல்லிவிடலாம். போகிற வழியில் மேற்குக் கோபுர வாசலில் எட்டுக் கை விஷ்ணு, காவித் துணி சுற்றி நிற்கிறார். அம்மா கும்பிட நிற்பார்கள். யாராவது ஊதுபத்தியைக் கையில் திணித்தால் வாங்க வேண்டாம், பின்னாலேயே காணிக்கை கேட்பார்கள். ஊருக்குள் கைக்குழந்தையோடு வந்து, காசு வேண்டாம், பால் பவுடர் மட்டும் வாங்கித் தாருங்கள் என்பவர்களிடமும் இளகாதீர்கள். நீங்கள் தெரு திரும்பியதும் டின் கடைக்கே திரும்பிவிடும்.

ஏஜென்டின் பயணத் திட்டத்தில் 'விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் 15 நிமிடம்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பழைய தாளை நகலெடுத்திருக்கிறார். 2023 அக்டோபரிலிருந்து விமான நிலையம் 40 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது.

டாலரைச் சில்லறையாக, புது நோட்டாக வாங்கிப் போங்கள். ஓரம் லேசாகக் கிழிந்திருந்தாலும் அங்கே கையில் தொடமாட்டார்கள். திருப்பூரிலேயே ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கிழிந்ததை, டாலர் மாற்றித் தருபவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.