புளித்தது எது?

கேள்வி: எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை நாட்களில் யூதர்கள் விலக்கும் 'ஹமேட்ஸ்' என்பதைத் தமிழ் விவிலியம் 'புளித்த' என்று பெயர்த்தது பிழையல்லவா? ஆங்கிலத்தைப் போல 'உப்பிய' என்று சொல்லியிருக்க வேண்டாமா? புளிப்புதான் தடை என்றால் எலுமிச்சையும் தயிரும் அல்லவா விலக்கப்பட வேண்டும்? (ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: பிழை தமிழில் இல்லை, ஆங்கிலச் சொல்லையே மூலம் என்று தாங்கள் எண்ணிக்கொண்டதில் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'லெவன்' என்ற சொல், 'உயர்த்து' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ஆகவே அது மாவு எழும்புவதைக் குறிக்கிறது. எபிரேயச் சொல்லின் வேரான ஹ-ம-ட்ஸ் என்னும் மூன்று மெய்களுக்கோ புளித்தல் என்பதே பொருள். 'ஹமூட்ஸ்' என்றால் புளிப்பானது. அரபியில் புளிப்பைச் சொல்லும் 'ஹாமிழ்' இதற்கு உறவுச் சொல். ரூத் 2:14-இல் அப்பத் துணிக்கையைத் தோய்க்கும் 'ஹோமெட்ஸ்' அதே வேர்ச்சொல்தான். அதைக் 'காடி' என்று பெயர்த்தவர்கள் அடுக்களை அறிந்தவர்கள். மாவு புளித்தது என்று சுவையையும் நொதித்தலையும் ஒரே வினையால் சொல்லும் தமிழ், இந்த இடத்தில் ஆங்கிலத்தைவிட எபிரேயத்துக்கு நெருக்கமாக நிற்கிறது. சங்கீதம் 73:21-இல் மட்டும் உள்ளம் 'புளித்தது' என்ற மூலம் தமிழில் 'மனம் கசந்தது' என்று மாறியது. நமக்கு மனம் புளிப்பதில்லை, கசக்கிறது, அவ்வளவுதான்.

யாத்திராகமம் 12:15-இல் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருவதையும் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்து நீக்க வேண்டியது 'செஓர்', அதாவது அடுத்த மாவைப் புளிக்க வைப்பதற்காக எடுத்துவைக்கும் பழைய மாவு. உண்ணக்கூடாதது 'ஹமேட்ஸ்', அதாவது அவ்வாறு புளித்த உணவு.

எலுமிச்சைக்கு வருவோம். சொல்லின் வேர் வேறு, சட்டத்தில் அது பெற்ற பொருள் வேறு. யூத மரபில் ஹமேட்ஸ் என்பது கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐந்து தானியங்களுக்கு மட்டுமே உரியது. அவற்றின் மாவு தண்ணீர் பட்டபின் பிசையப்படாமலும் சுடப்படாமலும் கிடந்தால் ஹமேட்ஸ் ஆகிவிடும். அந்த நேர எல்லையை யூதச் சட்ட விளக்க நூலான தல்மூது கடிகாரத்தால் சொல்லவில்லை. மிக்தல் நூனய்யா என்ற ஊரிலிருந்து திபேரியா நகருக்கு நடக்கும் தொலைவால் சொல்கிறது, பிற்காலத்தார் அதை 18 நிமிடம் என்று கணக்கிட்டார்கள். புளிப்புச் சுவைக்கோ நொதித்தலுக்கோ தனியே தடை இல்லை. அதே பஸ்கா இரவில் நொதித்த திராட்சை மது நான்கு கிண்ணம் அருந்தப்படுகிறது. எலுமிச்சையும் தயிரும் அந்த ஐந்தில் சேராதவை.

அரிசியும் சேராது. மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் அரிசியையும் பருப்பு வகைகளையும் பஸ்காவில் தவிர்ப்பது இடைக்காலத்தில் வளர்ந்த வழக்கமே. அவை ஹமேட்ஸ் என்பதால் அன்று. தல்மூது ஆசிரியர்களில் பெரும்பாலோர் தந்த விளக்கம், அரிசி மாவு புளிப்பதில்லை, அழுகத்தான் செய்கிறது என்பது. இரவில் கரைத்து வைத்த இட்லி மாவைக் காலையில் திறந்து பார்க்கும் எந்த வீட்டிலும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.