அரசுப் பள்ளியில் பிள்ளையின் மனக்கஷ்டத்தைக் கேட்க யாராவது இருக்கிறார்களா?

கேள்வி: என் மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் வயிற்றுவலி என்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிப்பதில்லை. கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறான். பள்ளியில் இதற்கெல்லாம் யாராவது இருக்கிறார்களா? யாரிடம் போய்ச் சொல்வது?

பதில்:

ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்கள். பல வீடுகளில் அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆகிவிடும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவன் நடிக்கிறான் என்று நினைக்காதீர்கள். பயமும் கவலையும் இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு வயிற்றில்தான் முதலில் இறங்கும். வலி நிஜமான வலிதான். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்று ஆனபிறகும் பள்ளி நாட்களில் மட்டும் வலித்தால், பள்ளியில் ஏதோ இருக்கிறது.

நான் தென்மாவட்டம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை. 19 வருட சர்வீஸில் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்புக்குத்தான் வகுப்பாசிரியராக இருந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு ஒரு தனி உலகம். நடுநிலைப் பள்ளியில் எட்டு வரை படித்த பிள்ளைகள் அந்த வருடம்தான் பெரிய பள்ளிக்கு வருகிறார்கள். ஏற்கனவே ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே படிப்பவர்கள் பெஞ்சையும் நட்பையும் பங்கு போட்டு முடித்திருப்பார்கள். எட்டு வரை எல்லோரும் பாஸ், ஒன்பதில்தான் முதன்முதலாக ஃபெயில் என்ற சொல் காதில் விழும். உங்கள் மகன் இந்த வருடம்தான் அந்தப் பள்ளியில் சேர்ந்தானா என்று நீங்கள் எழுதவில்லை. சேர்ந்திருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

சரி, யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். முழுநேர ஆலோசகர் எங்கள் பள்ளியில் இல்லை, உங்கள் பள்ளியிலும் அநேகமாக இருக்க மாட்டார். கல்வித்துறையின் நடமாடும் உளவியல் ஆலோசனை மையத்திலிருந்து உளவியலாளர் ஒருவர் வேனில் வருவார். நன்றாகப் பேசுவார், பிள்ளைகளும் வாய் திறப்பார்கள். ஆனால் ஒரு வேன் எத்தனை பள்ளிக்குத்தான் போகும்? அவர் மறுபடி வரும்போது அந்தப் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போயிருக்கும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவராவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால் இதைக் கேளுங்கள், தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நாங்கள் கேட்பதைவிடப் பெற்றோர் கேட்டால் மேலே சீக்கிரம் போகும்.

போன் எண்கள் இருக்கின்றன. 14417 பள்ளிக் கல்விக்கான உதவி எண். பாடம், தேர்வு மட்டுமில்லாமல் மனக்கஷ்டத்துக்கும் பேசலாம். 1098 குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் அழைக்க வேண்டியது. 14416 மனநலத்துக்கென்றே 2022 அக்டோபரில் வந்தது, பெரியவர்களும் பேசலாம், நீங்களே உங்கள் கவலைக்காகக் கூப்பிடலாம். எல்லாமே இலவசம். மகிழ் முற்றம் என்று பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுவாகப் பிரித்திருக்கிறோம். பெரிய வகுப்புப் பிள்ளையும் சின்ன வகுப்புப் பிள்ளையும் ஒரே அணியில் இருப்பதால், தனியாக நிற்கும் பிள்ளைக்கு ஓர் அண்ணனோ அக்காவோ கிடைப்பதைப் பார்க்கிறேன். எல்லாப் பள்ளியிலும் இது ஒரே மாதிரி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், பிள்ளைகள் தங்கள் மனக்குறையைச் சீட்டில் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளியில் முதலில் அதை எச்.எம். அறை வாசலில் மாட்டினோம். பாதுகாப்பாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆறு மாதம் பூட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மிட்டாய்த் தாளும் பழைய பஸ் டிக்கெட்டும் கிடக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் காரணம் சொன்னாள். "அங்க நின்னு போட்டா யார் போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே டீச்சர்." பெட்டியைக் கழற்றி, மாடிப்படிக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் மாட்டினோம். அடுத்த வாரம் 11 சீட்டு. அதில் ஒன்பது ஒரே விஷயம்: பெண்கள் கழிப்பறையில் மூன்றாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கூட வர யாரும் இல்லாத பிள்ளை நாள் முழுக்கப் போகவே மாட்டாள்.

நான் தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை ஹார்டுவேர் கடையில் 80 ரூபாய்க்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கினோம், பி.டி. சார் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து பொருத்தினார். திங்கட்கிழமை பிரேயரில் எச்.எம். யார் எழுதியது என்று கேட்கவில்லை. "பெட்டியில் எழுதியிருந்தீர்கள், தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காகிதம் வந்தது. லாங் சைஸ் நோட்டுத் தாள், எட்டாக மடித்தது. வலப்பக்கம் சாய்த்து எழுதும் பிள்ளை, வேண்டுமென்றே இடப்பக்கம் சாய்த்து எழுதியிருந்தாள். வைகாசியில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், எனக்கு 16 வயது, நான் எழுதினேன் என்று தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். பெயர் இல்லை. ஆனால் 'ழ' எழுதும்போது கடைசிச் சுழியை இரண்டு சுற்றுச் சுற்றும் பிள்ளை யாரென்று எனக்குத் தெரியும். ஒன்பதில் என்னிடம் படித்தவள். எச்.எம்.மும் நானும் மட்டும் பேசினோம். 1098க்குச் சொன்னோம். நம் மாநிலத்தில் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரும்கூட. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதாகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் குற்றம் என்று வீட்டுக்கே போய் விளக்கி, எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். தகவல் கொடுத்தது யார் என்று கடைசிவரை அந்த வீட்டில் தெரியாது. அவள் பிளஸ் டூ முடித்தாள்.

அந்தக் காகிதம் தாழ்ப்பாள் போட்டதால் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளைகள் முதலில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லி, பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். உங்கள் மகனின் வயிற்றுவலியையும் அப்படி ஒரு சீட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். 2014இல், வேறொரு பள்ளியில் இருந்தபோது, ஒரு பிள்ளை லேப்புக்கு வந்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்றாள். பண்ணினேன். அவள் சொன்னது போக்சோ சட்டத்தில் வரும் விஷயம். 2012இல் வந்த அந்தச் சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் நான் சொல்லித்தான் இருப்பேன். ஆனால் சத்தியம் பண்ணிவிட்டேனே. மறுநாள் அலுவலர்கள் வந்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அவள் காப்பாற்றப்பட்டாள், ஆனால் அந்த வருடம் முழுக்க என்னோடு பேசவில்லை. அதன்பிறகு எந்தப் பிள்ளை அப்படிக் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா உன்கிட்ட சொல்லாம யார்கிட்டயும் போக மாட்டேன்." இதைக் கேட்டு எழுந்து போன பிள்ளை இதுவரை ஒருத்தர்கூட இல்லை.

பிள்ளை சொன்னபிறகு பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில் உயிரே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சக மாணவர்களின் சாதித் துன்புறுத்தலால் பள்ளிக்கு வராமல் நின்ற மாணவன், விசாரித்தபோது காரணத்தைச் சொன்னான். விஷயம் புகாராகப் போனபிறகு அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளிகளில் சாதி வேற்றுமையைத் தடுக்க வழி சொல்ல நீதியரசர் சந்துரு குழு அமைந்ததும், கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்ததும் அதற்குப் பிறகுதான். என் மனதில் நிற்பது வேறு. சொன்ன பிள்ளையை அன்று இரவு யார் பார்த்துக்கொள்வது என்று நாம் யோசிப்பதில்லை. அதனால் இப்போது எந்தப் புகார் வந்தாலும், புகாரில் பெயர் வந்தவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும் முன்பாக, சொன்ன பிள்ளை எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறது, யாரோடு போகிறது என்று கேட்டுவிடுகிறேன்.

இனி உங்கள் மகன். எதிரே உட்கார வைத்து "என்னடா பிரச்சினை" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் வரும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, முகம் பார்க்காமல், சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எந்த பெஞ்சில் உட்காருகிறான், பக்கத்தில் யார், மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறான். போர்டு சரியாகத் தெரிகிறதா என்றும் கேளுங்கள். கண்ணாடி தேவைப்படும் பிள்ளை மக்கு என்று பேர் வாங்கி நொந்துபோவதை வருடா வருடம் பார்க்கிறேன். அவன் தண்ணீர் பாட்டிலை ஒரு வாரம் தூக்கிப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பையனின் பாட்டில் தினமும் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. இடைவேளையில் பையன்கள் கழிப்பறை வாசலில் பெரிய பையன்கள் சிலர் நின்றுகொண்டு காசு கேட்டிருக்கிறார்கள். உள்ளே போகாமல் இருக்க அவன் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டான். அவனுக்கும் வயிற்றுவலிதான். அவன் பெயரை எங்கேயும் எடுக்காமல், இடைவேளை தோறும் ஒரு ஆசிரியர் அங்கே நிற்பது என்று முறை வைத்தோம். பத்து நாளில் பாட்டில் காலியாக வருகிறது என்று அவன் அம்மா போன் செய்தார்.

அவன் சரியாகத் தூங்காமல், பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிட்டு, 'நான் இல்லாட்டி நல்லாருக்கும்' என்கிற மாதிரி ஏதாவது பேசினால், நேராகவே கேட்டுவிடுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவனைத் தனியாக விடாமல், அன்றைக்கே 14416க்குப் பேசுங்கள், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பள்ளி காத்திருக்கட்டும்.

அந்த அளவுக்கு இல்லையென்றால் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். காலையில் பிரேயர் நேரத்தில் போகாதீர்கள், பாவம், அப்போது அவர் வருகைப்பதிவை ஆப்பில் ஏற்றிக்கொண்டிருப்பார். சாயங்காலம் கடைசி மணிக்குப் பிறகு போங்கள். ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் நடுவில் பேச வேண்டாம், "கொஞ்சம் தனியாப் பேசலாமா டீச்சர்" என்று கேளுங்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்தெந்தக் கிழமை வலித்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். அவனை வகுப்பில் எழுப்பி விசாரிக்க வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள். இடம் மாற்றுவதாக இருந்தால் மொத்த வகுப்புக்கும் மாற்றச் சொல்லுங்கள். வகுப்பாசிரியர் காது கொடுக்கவில்லை என்றால் எச்.எம்., அதற்கும் மேலே 14417. அடிப்பதோ அசிங்கமாகப் பேசுவதோ ஒரு ஆசிரியர்தான் என்று தெரிந்தால் தயங்கவே வேண்டாம், கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இரண்டையுமே தடை செய்திருக்கிறது.

அவனுக்குத் தெரியாமல் மட்டும் போகாதீர்கள். "நாளைக்கு உங்க டீச்சரைப் பார்க்கப் போறேன், இதை இதைச் சொல்லப் போறேன்" என்று முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று அழுதால், எதைச் சொல்ல வேண்டாம் என்று அவனையே கேளுங்கள்.