71 சதவீதத்தில் நின்ற பாடங்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். கொருக்குப்பேட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் நான்கு பேரில் நானும் ஒருவன். கணக்கு, அறிவியல் பாடங்களை நாங்களே பேசிப் பதிவுசெய்து வைத்திருக்கிறோம்; மொத்தம் 12 ஜிபி. இணையச் சேமிப்புக்குப் பணம் கட்ட வழியில்லாததால், கியூபிட்டொரண்ட் என்ற இலவச மென்பொருளில் டொரண்ட் (கணினியிலிருந்து கணினிக்கு நேராகக் கோப்பைப் பகிரும் வழி) உருவாக்கி, பிள்ளைகளை வீட்டு லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளச் சொன்னோம். முதல் பாடத்தை உடனே பார்க்கலாமே என்று 'வரிசையாக இறக்கு' என்பதைத் தேர்வுசெய்ய வைத்தோம். எங்கள் கணினி மாலை 6 முதல் 9 வரைதான் ஓடும். மூன்றாம் நாள் அது பழுதாகிவிட்டது. அன்று ஒரு பிள்ளைக்கு 58 சதவீதம், இன்னொன்றுக்கு 64 என்று இருந்தது; மறுநாள் பார்த்தால் பதினொரு பேருக்கும் 71 ஆகி, அத்தோடு நின்றுவிட்டது. இதற்கிடையில் ஒரு பையனின் அப்பா வந்து, டொரண்ட் என்றால் திருட்டுப் படம் இறக்குவது, வீட்டுக்குப் போலீஸ் வரும் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவர் சொல்வது சரியா? காசு வாங்காமல் கொடுக்கிறவர்களின் மென்பொருளை நம்பலாமா? எங்கள் பாடங்கள் ஏன் நின்றன?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். இது மட்டும் நீங்கள் எழுதியிருக்கும் அந்த எண்களைப் பார்த்தால்தான் புரியும்.

நீங்கள் உருவாக்கிய டொரண்ட் கோப்புக்குள் பாடம் எதுவும் இல்லை. பாடங்களின் பெயர், அளவு, அவற்றை எத்தனை துண்டுகளாக வெட்டியிருக்கிறது, ஒவ்வொரு துண்டுக்கும் கணக்கிட்டு எடுத்த அடையாளக் குறி ஆகியவைதான் அதில் இருக்கின்றன. துண்டு ஒன்று 4 எம்பி என்று வைத்துக்கொண்டால், உங்கள் 12 ஜிபி 3,072 துண்டுகளாகும். ஒரு பிள்ளையின் கணினிக்கு ஒரு துண்டு வந்து சேர்ந்ததும், மென்பொருள் அதன் குறியைச் சரிபார்த்து வைத்துக்கொண்டு, அடுத்த நொடியே அதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். 2001-இல் அமெரிக்க நிரலாளர் பிராம் கோஹன் பிட்டொரண்ட் என்ற இந்த முறையை வெளியிட்டபோது அதன் புதுமையே இதுதான்: முழுக் கோப்பும் கைக்கு வந்த பிறகு கொடுக்கலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, வாங்கிக்கொண்டிருக்கும்போதே கொடுக்கலாம்.

எந்தத் துண்டை முதலில் வாங்குவது என்பதற்கும் அவர் ஒரு விதி வைத்தார். கூட்டத்தில் எந்தத் துண்டு மிகக் குறைவானவர்களிடம் இருக்கிறதோ, அதையே முதலில் வாங்க வேண்டும். இதன் அருமை எனக்குத் தண்டையார்பேட்டையில் படித்த நாள்களிலேயே தெரியும். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் கைப்பட எழுதிய கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் கொடுப்பார், மாலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் ஆறு பேர் ஆளுக்கொரு பாடமாகப் பிரித்துக்கொண்டு எழுதினோம். நோட்டு அவரிடம் திரும்பிப் போன பிறகும் முழுப் புத்தகமும் எங்கள் ஆறு பேரிடம் இருந்தது. அந்த வாரம் முழுவதும் ஒருவர் எழுதியதை மற்றவர் வாங்கி எழுதினோம். ஆறு பேரும் முதல் பாடத்திலிருந்தே தொடங்கியிருந்தால், முதல் இரண்டு பாடங்களுக்கு ஆறு பிரதிகள் இருந்திருக்கும், மிச்சப் பாடங்களுக்கு ஒன்றுகூட இருந்திருக்காது.

உங்கள் பிள்ளைகளுக்கு நடந்தது அதுதான். 'வரிசையாக இறக்கு' என்பதைத் தேர்ந்ததால் அனைவரும் ஒன்றாம் துண்டிலிருந்து முன்னேறினார்கள். உங்கள் கணினியும் அந்த முன்பகுதியையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. அது நின்றபோது எல்லோரிலும் முன்னே சென்றிருந்த பிள்ளையிடம் இருந்தது ஏறக்குறைய 2,181 துண்டுகள். அதற்குப் பிறகு பதினொரு பேரும் தங்களுக்குள் கொடுத்து வாங்கியதில் 58-ம் 64-ம் ஏறி 71-இல் வந்து சமமாயின. பிள்ளைகள் இருந்ததையெல்லாம் ஒருவருக்கொருவர் கொடுத்துவிட்டார்கள். எஞ்சிய 29 சதவீதம் அந்தப் பதினொரு வீடுகளில் எங்குமே இல்லை. கியூபிட்டொரண்டில் 'கிடைக்கும் அளவு' காட்டும் இடத்தைப் பார்த்தால் 0.71 என்றிருக்கும். அந்த எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால், எத்தனை நாள் காத்திருந்தாலும் கோப்பு முழுமையாகாது.

வரிசையைத் தேர்வுசெய்யாமல் விட்டிருந்தால், உங்கள் கணினி ஒவ்வொரு துண்டையும் ஒரே ஒரு முறை, யாரேனும் ஒரு பிள்ளைக்கு, அனுப்பியிருந்தாலே போதும். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முழுக் கோப்பும் ஒருவரிடம் மட்டுமே இருக்கும் தொடக்க நாள்களுக்கென்றே கியூபிட்டொரண்டில் 'சூப்பர் சீடிங்' என்ற ஏற்பாடு உண்டு. கொடுத்த துண்டு மற்றவர்களுக்குப் பரவிவிட்டதா என்று பார்த்துப் பார்த்து அடுத்ததைக் கொடுக்கும். அடுத்த முறை அதைத் தேர்வுசெய்யுங்கள்.

கணினி மூன்று மணி நேரம் மட்டுமே ஓடுவது இன்னொரு குறை. வீட்டு வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல்தான் லேப்டாப்பைத் திறக்க முடிகிற பெண் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். அந்த நேரத்தில் கொடுக்க ஆள் வேண்டும். பழைய லேப்டாப் ஒன்றை இரவு பகலாக ஓடவிடலாம். அதைவிட நல்ல வழி, உங்கள் பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக ஏற்றிவிடுவது. 2012 முதல் அங்கே ஏற்றும் கோப்புகளுக்கு அவர்களே டொரண்ட் உருவாக்கித் தருகிறார்கள். உங்கள் கணினி அணைந்திருந்தாலும் அவர்களுடைய சர்வர் கொடுத்துக்கொண்டிருக்கும். ஏற்றினால் உலகத்தில் யாரும் பார்க்கலாம் என்பதை மட்டும் மற்ற மூவரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் முகமோ பெயரோ பதிவாகியிருந்தால் ஏற்ற வேண்டாம்.

நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். கியூபிட்டொரண்டை 2006-இல் தொடங்கியவர் கிறிஸ்டோஃப் டுமே என்ற பிரெஞ்சு மாணவர். இன்று அதைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள், விளம்பரம் கிடையாது. மூல நிரல் திறந்திருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்தவர்கள் எவரும் படித்துப் பார்க்கலாம். காசு வாங்கவில்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டியதில்லை. எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற இன்னொரு திறமூல டொரண்ட் மென்பொருளின் சொந்தத் தளத்திலேயே யாரோ புகுந்து, மேக் கணினிகளுக்கான நிறுவுகோப்பில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரலைச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அங்கே தந்திருக்கும் சரிபார்ப்புக் குறியோடு ஒப்பிட்ட பிறகே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

அந்த அப்பாவின் மீது கோபப்படாதீர்கள். போலீஸ் வாசலில் வந்து நின்றால் நம் பகுதிப் பையன்களை என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே குற்றவாளியாகப் பார்க்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவரின் பயம் அது. ஆனால் சட்டம் அவர் நினைப்பதுபோல் இல்லை. டொரண்ட் மென்பொருளை வைத்திருப்பது குற்றமாகாது. பிறருக்கு உரிமையுள்ள படத்தையோ பாட்டையோ அனுமதியின்றிப் பகிர்வதுதான் குற்றம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 2012-இல் ஒரு திரைப்படத்துக்காக நம் உயர் நீதிமன்றத்தில் பெற்ற தடையாணையை வைத்து இணைய நிறுவனங்கள் பல தளங்களை முழுதாகவே முடக்கியபோது, திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் அந்த ஜூன் மாதம் தெளிவுபடுத்தியது. நீங்கள் பேசிப் பதிவுசெய்த பாடம் உங்களுடையது. அதை யாருக்கும் கொடுக்கலாம். அவரை ஒரு மாலை வகுப்புக்கு அழைத்து, மகனின் லேப்டாப்பில் இறங்குவது என்ன என்பதை நேரில் காட்டுங்கள். கூடவே ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: டொரண்டில் சேர்ந்திருக்கும் ஒவ்வொருவரின் இணைய இணைப்பு முகவரியும் (ஐபி எண்) மற்றவர்களுக்குத் தெரியும். அதே மென்பொருளில் பையன் புதுப்படம் இறக்கினால் அதுவும் தெரியும்.

இனி, பழுதான கணினி. மின்சாரப் பகுதியோ போர்டோ போயிருந்தால், ஹார்ட் டிஸ்க் நன்றாகவே இருக்க வாய்ப்புண்டு. அதைக் கழற்றிக்கொண்டு வரும் ஞாயிறு காலை என் வீட்டுக்கு வாருங்கள். யுஎஸ்பி வழியாக இணைக்கும் கேபிள் என்னிடம் இருக்கிறது. பாடங்கள் இருக்கும் போல்டரைப் பழைய டொரண்ட் கோப்போடு சேர்த்துக் காட்டி, மறுசரிபார்ப்பு செய்துவிட்டால் என் கணினியே கொடுக்கத் தொடங்கிவிடும். அதுவரை எந்தப் பாடத்தையும் வெட்டவோ திருத்தவோ வேண்டாம். ஓரெழுத்து அளவு மாறினாலும் அந்தத் துண்டின் குறி பொருந்தாது. புதிய டொரண்டும் உருவாக்க வேண்டாம். பிள்ளைகளிடம், இறங்கியிருக்கும் 71 சதவீதத்தை அழித்துவிட வேண்டாம் என்றும், வரிசைத் தேர்வை எடுத்துவிட்டு மென்பொருளை ஓடவிடச் சொல்லியும் இன்றே தகவல் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்.