நக்ஸ் வாமிகா என்றால் எட்டிக்கொட்டைதானே, சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 48 வயது. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பதினொரு மணி ஆகிவிடும். ஆறு மாதமாக நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், மலச்சிக்கல். நண்பர் ‘நக்ஸ் வாமிகா 30’ என்ற ஹோமியோபதி மருந்தை வாங்கச் சொன்னார். கடையில் அந்த உருண்டைகளோடு, தண்ணீரில் சொட்டு விட்டுக் குடிக்கச் சொல்லி ‘கியூ’ என்று எழுதிய சிறு பாட்டில் ஒன்றையும் கொடுத்தார்கள். அம்மாவோ, “அது எட்டிக்கொட்டைடா, விஷம்” என்று பதறுகிறார். சாப்பிடலாமா?

பதில்: உங்கள் அம்மாவுக்கு மரம் தெரிந்திருக்கிறது. எட்டி, காஞ்சிரை என்று நாம் சொல்லும் அதே மரத்தின் விதைதான் நக்ஸ் வாமிகா. ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று சும்மாவா சொன்னார்கள்? ஆரஞ்சுப் பழம்போல் பழுத்துத் தொங்கும். உள்ளே சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையான விதைகள். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பட்டுத்துணி போல மினுங்கும். நுண்ணிய மயிர்கள் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் படிந்திருப்பதால் வரும் மினுமினுப்பு அது. உரலில் போட்டு இடித்தால் எகிறுமே தவிர உடையாது. மாணவர்களுக்கு இதைப் பொடிக்கக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது எனக்கு ஒரு வழக்கம்!

விதையில் உள்ள ஸ்ட்ரிக்னின்தான் விஷம். தசைகள் அளவுக்கு மீறி இறுகாமல் தண்டுவடத்தில் ஒரு கடிவாளம் உண்டு; அதை இது அறுத்துவிடும். உடம்பு வில்லாக வளைந்து, மூச்சுத் தசைகள் இறுகிப்போய் ஆள் இறக்கிறார். ஆனாலும் ஒரு காலத்தில் ஆங்கில மருத்துவத்திலேயே இதைப் பசி தூண்டும் டானிக்காகக் கொடுத்தார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு, ஓடும் வழியிலேயே முட்டை வெள்ளைக்கருவோடு கலந்து கொடுத்தார்கள். சித்த மருத்துவம் எட்டியைச் சுத்தி செய்யாமல் தொடாது: பாலில் வேகவைப்பது, தோலையும் முளையையும் நீக்குவது, நெய்யில் வறுப்பது என்று முறைகள் இருக்கின்றன. வீட்டில் செய்து பார்க்கும் விஷயமில்லை.

ஹோமியோபதிக்கு இதைக் கொண்டுவந்தவர், அந்த முறையையே தொடங்கிய ஜெர்மன் மருத்துவர் ஹானிமன். 1811-இல் வந்த அவருடைய மருந்துக் குணநூலின் முதல் பாகத்திலேயே இது இருக்கிறது. எது நோயை உண்டாக்குமோ அதுவே நுண்ணளவில் தீர்க்கும் என்பது அவர் கணக்கு. இந்த மருந்து எப்படிப்பட்ட ஆளுக்குப் பொருந்தும் என்று ஹோமியோபதி மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டால் உங்களை நேரில் பார்த்து எழுதியது போலிருக்கும்: உட்கார்ந்த வேலை, காபி, காரம், மது, இரவுக் கண்விழிப்பு, முன்கோபம், மலம் வருவதுபோல் முட்டும், போய் உட்கார்ந்தால் வராது. நண்பர் இதைச் சொன்னதில் ஆச்சரியமில்லை.

சரி, விஷமா இல்லையா? பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘30’ என்றால் நூறில் ஒரு பங்காக 30 முறை நீர்த்தது. அதாவது 1-க்குப் பின்னால் 60 சுழியம் போட்ட அளவுக்கு. பன்னிரண்டாவது முறை தாண்டும்போதே எட்டியின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது சந்தேகம். ஆகவே அந்த உருண்டையில் விஷமில்லை. என் கணக்கில் மருந்தும் இல்லை. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் 2015-இல் ஆய்வுகளையெல்லாம் அலசி, ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு எந்த நோயிலும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது. சிலருக்குக் கேட்கிறதே என்பீர்கள். நெஞ்செரிச்சல் தானாகவே ஏறி இறங்குகிற வியாதி. தவிர, மருந்து எடுக்கும் நாட்களில் காபியை நிறுத்தச் சொல்வார்கள். அதுவும் கொஞ்சம் உதவும்.

‘கியூ’ வேறு கதை. அது தாய்த்திராவகம். விதையைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு. நிஜமான ஸ்ட்ரிக்னின் அதில் இருக்கிறது. பெயர் ஒன்றுதான் என்று இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்து, ஒருநாள் சொட்டுக் கணக்குத் தவறினால் என்ன ஆகும்? உங்களைப் பரிசோதிக்காத ஒருவர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்ததை நீங்கள் குடிக்க வேண்டாம். இன்றே திருப்பிக் கொடுங்கள். அதுவரை குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம், 48 வயதில் புதிதாக வந்த மலச்சிக்கலை உருண்டையைச் சப்பிக்கொண்டு தள்ளிப்போடாதீர்கள். மலம் கறுத்துப் போவது, ரத்தம் கலந்து வருவது, எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, இதில் ஒன்று இருந்தாலும் குடல் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். எரிச்சல் இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், அது வயிறு என்று நினைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள். இவை எதுவும் இல்லையென்றால், அலுவலகத்திலேயே எட்டு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்ப முடிகிறதா பாருங்கள்.