ஒரு வாரம் கழித்துச் சொன்ன தலைவலி

கேள்வி: அம்மா, எனக்கு 37 வயது. பெங்களூரில் வேலை. அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 61. கயிலாயம் போக வேண்டும் என்பது அப்பாவின் நாற்பது வருட ஆசை. குடும்பமாக ஒன்பது பேர் கிளம்புகிறோம். நேபாள்கஞ்சிலிருந்து சிமிகோட், ஹில்சா வழியாக ஹெலிகாப்டர் பயணம். தனிக் குழு என்பதால், திபெத்துக்குள் நுழைந்ததும் வரும் தக்லாகோட்டில் சும்மா தங்கும் ஒரு நாளை எடுத்துவிட்டுப் பத்து நாளில் முடித்துத் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். எனக்கும் அதற்கு மேல் லீவு கிடைக்காது. அந்த ஒரு நாள் அவசியமா? மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா? அப்பாவுக்குக் கொஞ்சம் பிரஷர் உண்டு, அவரை நினைத்துத்தான் பயம். அவரோ, ‘அப்பர் பெருமான் உருண்டே போனார், நமக்கென்ன’ என்கிறார். அம்மாவைப் பற்றிக் கவலை இல்லை, ரொம்பப் பொறுமைசாலி. போன வருஷம் கேதார்நாத்தில் ராத்திரி முழுக்கத் தலைவலியும் வாந்தியும் இருந்தும் யாரையும் எழுப்பவில்லை. ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் பேச்சுவாக்கில் சொன்னார். அப்பாவுக்கு எப்படி ஏற்பாடு செய்தால் பாதுகாப்பு?

— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தம்பி, அப்பாவின் ஆசை, உங்கள் லீவு, ஏஜென்ட்டின் கணக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு மூன்று வரி. நான் அந்த மூன்று வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒன்பது பேரில் அந்த மலையில் அதிக ஆபத்தில் இருக்கப்போகிறவர் உங்கள் அம்மா. பிரஷர் உள்ள அப்பாவைவிட அவர்தான்.

கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஒரே நாளில் ஏறிப் போய் அங்கே படுத்தவருக்கு அன்று ராத்திரி தலைவலியும் வாந்தியும் வந்தது என்றால், அது சாப்பாடு சேராமல் வந்தது இல்லை. வேகமாக உயரம் போனதற்கு உடம்பு காட்டிய எதிர்ப்பு. ஒருவருக்கு மலை நோய் வருமா என்று முன்கூட்டியே சொல்லப் பெரிய சோதனை எதுவும் கிடையாது. முன்பு எப்போதாவது உயரத்தில் இப்படி வந்திருக்கிறதா என்பதைத்தான் டாக்டர்கள் முதலில் கேட்பார்கள். வயது, தினமும் நடக்கும் பழக்கம், இதெல்லாம் அப்புறம்தான். மாரத்தான் ஓடுகிற இளைஞர்களுக்கும் வரும். வந்தவர்களுக்கு அதே வேகத்தில் ஏறினால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். டாக்டர் கேட்கும் அந்த முதல் கேள்விக்கான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, அதையே அம்மாவின் பெருமையாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்னொன்று. மலை நோயின் ஆரம்பத்தை யாரும் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா, அசதியா, தலை சுற்றுகிறதா: இந்த நாலுக்கும் அவரவர் வாயால் சொல்லும் பதிலை வைத்துத்தான் உலகம் முழுக்க மலை மருத்துவர்கள் கணக்குப் போடுகிறார்கள். ரத்தம் எடுத்துப் பார்ப்பதோ ஸ்கேனோ அங்கே உதவாது. அப்படியென்றால் வாயைத் திறக்காத மனுஷிக்கு அங்கே என்ன பாதுகாப்பு இருக்கிறது, சொல்லுங்கள்.

எத்தனையோ வருடமாக எனக்கு இந்தக் கடிதம் வந்துகொண்டிருக்கிறது. ஒருவர் பத்ரிநாத் என்பார், இன்னொருவர் லே என்பார். ஊர்தான் மாறும், ‘அம்மா எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்’ என்ற வரி மாறாது. என் அம்மாவும் அப்படித்தான். என் அண்ணன் கல்யாணத்தன்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, பந்தி முடிகிற வரை சமையல்கட்டு வாசலில் நின்றார். முகூர்த்தம் கெடக் கூடாதாம். மறுநாள் விடிகாலையில் குடல்வால் வெடித்து ஆபரேஷன். பிழைத்தார். ஆனால் அன்றைக்கு அவர் அருகில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தவள் நான். அவர் புடவைத் தலைப்பு வேர்வையில் நனைந்திருந்ததைப் பார்த்தேன், அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். ஏனென்று கேட்கவில்லை. அதனால்தான் பொறுமைசாலி என்று யாராவது அம்மாவைப் பாராட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சொன்னால் மற்றவர்களுக்குக் கஷ்டம் என்று அந்தப் பெண்ணை யாரோ நம்ப வைத்திருக்கிறார்கள். பல வீடுகளில் அது கணவனும் பிள்ளைகளும்தான்.

உங்கள் பயணத்தில் அதற்கு இன்னும் வசதி செய்து வைத்திருக்கிறார்கள். நேபாளம் வழியாகப் போகிறவர்களுக்குக் குழு விசா. ஒருவர் திரும்பினால் எல்லோருடைய ஏற்பாடும் சிக்கலாகும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். உங்கள் அம்மாவின் வாயை அடைக்க அந்த ஒரு வார்த்தை போதும். அரசு நடத்தும் யாத்திரை என்றால் டெல்லியில் ஒரு மருத்துவப் பரிசோதனை, உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியில் போனால் குஞ்சியில் மறுபடி ஒன்று. தேறாதவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயணமும் சுமார் மூன்று வாரம். நீங்கள் போகும் வழியில் அப்படிக் கண்டிப்பாகப் பார்க்க ஆள் இல்லை. அந்த வேலையைக் குடும்பம்தான் செய்ய வேண்டும், அதாவது நீங்கள்.

சரி, அந்த ‘சும்மா தங்கும்’ நாளுக்கு வருவோம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. கயிலையை வலம் வரும் பாதையில் மிக உயரமான திரோல்மா கணவாயில், சுமார் 5,630 மீட்டரில், ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் ஈரோட்டில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி. ஈடுகட்ட உடம்பு வேகமாக மூச்சு விடும். அப்படி விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடும். உடனே மூளை ‘மூச்சைக் குறை’ என்று தடுக்கும். இந்த இழுபறியைச் சிறுநீரகங்கள் காரத்தை வெளியேற்றிச் சரிசெய்ய வேண்டும். அதற்கு மணிக்கணக்கு போதாது, நாள்கணக்கு வேண்டும். தக்லாகோட்டில் அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அந்த நாளில் அவர் உடம்பு இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். அதைத்தான் ஏஜென்ட் வெட்டித் தருகிறேன் என்கிறார்.

கணக்கைப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. நேபாள்கஞ்ச் சமவெளி. சிமிகோட் சுமார் 2,900. அடுத்த படுக்கை தக்லாகோட், சுமார் 3,900. அதற்கடுத்து மானசரோவர், 4,590. தங்கும் நாளை வைத்துக்கொண்டாலே இது அவசரப் பயணம். நீங்கள் அதையும் எடுக்கப் பார்க்கிறீர்கள். எடுக்காதீர்கள். சிமிகோட்டில் ஒரு ராத்திரி கூடுதலாக, தக்லாகோட்டில் மூன்று ராத்திரி என்று கேட்டு வாங்குங்கள். சாலை வழியாகப் போனால் தானாகவே மெதுவாக ஏறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். திபெத் எல்லையில் உள்ள கேருங்கில் சுமார் 2,800 மீட்டரில் படுத்து எழுந்து, அடுத்த ராத்திரி 4,500-ஐ ஒட்டிய சாகாவில் படுக்க வைப்பவர்கள் உண்டு. எந்த உயரத்தில் எத்தனை ராத்திரி என்று மட்டும் கேளுங்கள். லீவு கிடைக்கவில்லையா, இந்த வருஷம் போகாதீர்கள். உங்கள் லீவுக்குத் தக்கபடி அம்மாவின் மூச்சைக் குறைக்க முடியாது.

மாத்திரை பற்றி. மலை நோயைத் தடுக்கத் தரும் டயமாக்ஸ் உதவும், உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் ஒரு நாளை வெட்டுவதற்கு அது ஈடாகாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்பாவின் பிரஷர் மாத்திரைகளையும் காட்டி, இரண்டு பேருக்கும் டாக்டரே அளவு எழுதட்டும். அம்மாவின் கேதார்நாத் ராத்திரியை டாக்டரிடம் நீங்கள் சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார். தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும். இதை ஆண்கள் யாரும் யோசிப்பதில்லை. உங்கள் அம்மா பஸ் பயணத்தில் தண்ணீர் குடிப்பாரா? நம் பெண்கள் பாதிப் பேர் குடிப்பதில்லை. காலையில் நிரப்பிய பாட்டில் சாயங்காலமும் கழுத்துவரை இருக்கும், உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. எங்கே ஒதுங்குவது என்ற பயம். கயிலையை வலம் வரும்போது முதல் ராத்திரி தங்கும் திராபுக் 5,000 மீட்டரை ஒட்டிய இடம். அங்கே ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கம்பளியை விலக்கி, ஷூ மாட்டி, குளிரில் வெளியே போக வேண்டும். இதை நினைத்தே அவர் பகல் முழுக்கத் தண்ணீரைத் தொட மாட்டார். உடம்பில் தண்ணீர் வற்றினாலும் தலை வலிக்கும், எந்தத் தலைவலி எது என்றே பிரிக்க முடியாமல் போகும். உங்கள் மனைவியோ சகோதரியோ கையில் டார்ச்சோடு பக்கத்துப் படுக்கையில் இருக்கட்டும். ‘எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுப்புங்கள்’ என்று ஊரிலேயே சொல்லி வைக்கட்டும். அறைக்குள் மூடி போட்ட வாளி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. சாமி பார்க்கப் போகும் பயணத்தில் இதெல்லாமா என்று கேட்காதீர்கள்.

தினமும் சாயங்காலம் அம்மாவைத் தனியாகக் கேளுங்கள். ‘நல்லா இருக்கியாம்மா?’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றுதான் வரும், அது வேண்டாம். தலைவலி எவ்வளவு, ஒன்றுமில்லை என்றால் சைபர், தாங்க முடியாவிட்டால் மூன்று, எண்ணைச் சொல்லு என்று கேளுங்கள். மற்ற மூன்றுக்கும் அதே மாதிரி. தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்கிறார் என்று பாருங்கள். குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சு குழம்பினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி வறட்டு இருமல் வந்தால், அது நடு ராத்திரி என்றாலும் கீழே இறங்க வேண்டும். கூடவே ஆக்ஸிஜன் கொடுங்கள், ஆனால் சிலிண்டர் இருக்கிறதே என்று அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். வெறும் தலைவலி என்றால் அது போகும்வரை ஒரு அடிகூட மேலே ஏறக் கூடாது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை எடுத்துப் போங்கள், ஆனால் எண் நன்றாக இருந்து தலை வலித்தால் தலையை நம்புங்கள்.

இப்போது அப்பாவுக்கு. அப்பர் கதையை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, கடைசியில் புரண்டு போன அப்பரை, இறைவன் முனிவராக வந்து ‘திரும்பிப் போ’ என்றார். பொய்கையில் மூழ்க வைத்துத் திருவையாற்றில் எழுப்பி, அங்கேயே கயிலைக் காட்சியைக் கொடுத்தார். இன்றும் ஆடி அமாவாசைக்கு ஐயாற்றில் அது விழா. இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். அப்பர் கூட வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியாகப் போனார். தேய்த்தது தன் உடம்பை மட்டும்தான்.

கிளம்புவதற்கு முன்பே, அம்மா காது கேட்க, ஒரு முடிவை அப்பா வாயால் சொல்ல வேண்டும்: ‘உனக்கு முடியவில்லை என்றால் நான் உன்னோடு இறங்குகிறேன்.’ வலம் தொடங்கும் எமத்வாரத்திலோ திராபுக்கிலோ மனைவியைக் குதிரைக்காரரோடு திருப்பி அனுப்பிவிட்டு, கணவர் கணவாய்க்கு மேலே போய் வரும் பழக்கம் எனக்குச் சம்மதமில்லை. நாற்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டவள் 5,000 மீட்டரில் மூச்சுக்குத் திணறும்போது, மூன்றாம் மனிதர் கையில் விட்டுவிட்டுப் பரிக்ரமா முடிப்பதில் என்ன புண்ணியம் வந்துவிடும்? திராபுக்கிலேயே கயிலையின் வடக்கு முகம் முழுசாகத் தெரியும். அங்கிருந்து திரும்பி வருகிறவர்கள் எத்தனையோ பேர். அப்பா இதைச் சொல்லத் தயங்கினால், குழுவில் அம்மாவின் பெயரைச் சேர்க்காதீர்கள்.

இத்தனைக்கும் நடுவில், அம்மாவுக்குப் போக விருப்பமா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. யாராவது கேட்டீர்களா?

இந்த வாரமே ஈரோடு போங்கள். அப்பா வாக்கிங் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, அம்மா பக்கத்தில் உட்காருங்கள். ‘வர்றியா, இல்லையா’ என்று எடுத்தவுடன் கேட்க வேண்டாம். கேதார்நாத்தில் அன்றைக்கு ராத்திரி என்ன ஆச்சு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எழுந்து எங்கே போய் வாந்தி எடுத்தாய், யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். நடுவில் ‘அது ஒண்ணுமில்லப்பா’ என்று எழுந்து அடுப்படிக்குப் போவார். பின்னாலேயே போங்கள். அவர் முழுசாகச் சொல்லி முடித்த பிறகு, ஏஜென்ட்டுக்குப் போன் செய்யுங்கள்.