வாய்தா என்றால் வாக்குறுதி

கேள்வி: என் கணவர் இறந்த பிறகு பங்காளிகள் எங்கள் நிலத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். ஒரு வழக்கறிஞரிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், கேட்ட பணத்தையும் கொடுத்தேன். நான்கு வருடமாக "வாய்தா போட்டிருக்கிறார்கள், தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன்" என்றே சொல்லிவந்தார். போன மாதம் கோர்ட் அமீனா வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். எங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாததால் வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகி, ஒருதலைத் தீர்ப்பும் ஆகிவிட்டதாம். தவறு செய்கிற வழக்கறிஞரைக் கேட்க நாட்டில் ஒருவரும் இல்லையா, ஐயா?
— ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: இருக்கிறார்கள், அம்மா. யார், எப்படிக் கேட்கிறார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. வாய்தா.

வக்காலத்து, ஜாமீன், அமீனா, தஸ்தாவேஜு ஆகியவற்றோடு நவாபு காலத்துக் கச்சேரிகள் வழியாக நம் ஊருக்குள் வந்த சொல் அது. அரபியில் அதன் வேருக்கு வாக்குறுதி என்று பொருள். இந்தி பேசுகிறவரிடம் இன்றைக்கும் 'வாதா' என்றால் கொடுத்த வாக்கு என்றுதான் புரிந்துகொள்வார். தமிழுக்கு வந்தபோதும் அந்த நாணயம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நிலவரிக்கு வாய்தா, வாங்கிய கடனுக்கு வாய்தா. இன்ன தேதிக்குள் கொண்டுவந்து கட்டிவிடுகிறேன் என்று ஒரு மனிதன் தன் வாயால் தனக்கே வைத்துக்கொண்ட கெடு. அந்தத் தேதி தவறினால் அவன் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க மாட்டான். அதே சொல் நீதிமன்றப் படியேறியதும் தலைகீழாகிவிட்டது. இன்றைக்கு வாய்தா என்றால் இன்று எதுவும் நடக்கவில்லை என்று பொருள். வாக்கைக் குறித்த சொல், வாக்குத் தவறுவதன் பெயராக மாறிப்போனது.

என் அப்பாவுக்கும் ஒரு வழக்கு இருந்தது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒன்றேகால் அடிச் சந்து. வாய்தா நாளன்று விடியற்காலையில் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, தாத்தா காலத்துப் பத்திரத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்புவார். முனிசீப் கோர்ட் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருப்பார். டவாலி அவர் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். அப்பா உள்ளே போய்க் கைகட்டி நிற்பார். எங்கள் வழக்கறிஞர் வேறு கோர்ட்டில் இருப்பார். அவருடைய ஜூனியர் எழுந்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்வார், நீதிபதி ஏதோ எழுதுவார், அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. வெளியே வந்து குமாஸ்தாவிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், அப்பாவின் கையிலிருக்கும் பஸ் டிக்கெட்டை வாங்கி அதன் பின்பக்கத்தில் அடுத்த தேதியை எழுதிக் கொடுப்பார். அப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்த டிக்கெட்டுகள் இருந்தன. முப்பத்தேழு. அந்தச் சந்தின் அகலத்தை அளக்க கோர்ட் கமிஷனரை அனுப்பச் சொல்லி மனுப் போட்டிருந்தால் முதல் வருடத்திலேயே முடிந்திருக்கக்கூடிய வழக்கு என்று பிற்பாடு வேறொரு வழக்கறிஞர் சொன்னார். அந்த மனு கடைசிவரை போடப்படவே இல்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

நீதிமன்றப் புறக்கணிப்பைக் கண்டித்து இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியபோது, நான் வழக்கறிஞர்களின் எதிரி என்று கட்டுக்கட்டாகக் கடிதம் வந்தது. அன்று எழுதியதில் ஒரு வரியையும் நான் திரும்பப் பெறவில்லை. வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று 2002 டிசம்பரிலேயே ஹரீஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு புறக்கணிப்பு நாளும் ஏதோ ஒரு மஞ்சள் பையைத் திருப்பி அனுப்புகிற நாள். எனக்கு வழக்கறிஞர்கள் மேல் பகை கிடையாது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் மேல் பாசம் உண்டு.

இனி உங்கள் கேள்வி. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் 35ஆவது பிரிவு இருக்கிறது. தொழில் முறைகேடு செய்த வழக்கறிஞர் மேல், வழக்கறிஞர்களின் அமைப்பான மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். நம் கவுன்சில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. புகாரில் முகாந்திரம் இருப்பதாகக் கருதினால் மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்புவார்கள். குழு அவரைக் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரையே பட்டியலிலிருந்து நீக்கலாம். ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். அங்கே போய்த் தேங்குகிற புகார்களையும் ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது.

இதில் இரண்டு ஓட்டைகள். குழுவின் மூவருமே வழக்கறிஞர்கள். அவர்களில் இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், அதாவது மற்ற வழக்கறிஞர்களின் ஓட்டு வாங்கி ஜெயித்து வந்தவர்கள். நாளை மறுபடியும் அதே ஓட்டைக் கேட்டு நிற்க வேண்டியவர்கள். மாமியார் கொடுமையை விசாரிக்க மாமியார்களை மட்டும் பஞ்சாயத்தில் உட்காரவைத்தால் மருமகள் எந்த நம்பிக்கையில் வாய் திறப்பாள்? அடுத்தது, உங்கள் நிலம் போனதற்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அந்த 35ஆவது பிரிவில் இல்லை. அவருக்குத் தண்டனை கிடைத்தாலும் உங்களுக்கு ஒரு செண்டு நிலம் திரும்பி வராது.

தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். காது கேளாத முதியவர் ஒருவர். தன் கையிலிருந்த இரண்டு புரோநோட்டுகளை, ஒன்று 15,000 ரூபாய்க்கு, மற்றொன்று 5,000 ரூபாய்க்கு, வழக்குப் போடச் சொல்லி ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்தார். செலவுக்கும் பணம் கொடுத்தார். வழக்கறிஞர் வழக்கே போடவில்லை. ஆனால் போட்டுவிட்டதாகச் சொன்னார். இன்ன தேதி, இன்ன தேதி என்று வாய்தாக்களையும் வரிசையாகச் சொன்னார். கடைசியில் டிக்ரியும் ஆகிவிட்டது என்றார். பிறக்காத வழக்குக்கு வாய்தா! உண்மை தெரிந்தபோது வழக்குப் போடும் கெடு தாண்டி நோட்டுகள் செல்லாதவை ஆகிவிட்டன. மாநில பார் கவுன்சில் அவருக்கு ஆறு வருடத் தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருடமாகக் குறைத்தது. 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யரின் அமர்வு, தண்டனை மனிதரைத் திருத்த வேண்டும் என்று சொல்லி, முதியவருக்கு ஒரு தொகை கொடுக்கவும், எஞ்சிய தடைக் காலத்துக்குப் பதிலாக ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்யவும் அவரை அனுமதித்தது. நீதிபதி ஏ.பி. சென் மட்டும் தண்டனையைத் தளர்த்த ஒப்பவில்லை.

கிருஷ்ணய்யரை நான் வணங்குகிறவன். சிறைக் கதவுகளுக்குள் அரசியல் சட்டத்தைக் கொண்டுபோனவர் அவர். ஆனால் இந்தத் தீர்ப்பில் நான் சென் பக்கம். காது கேளாத ஒரு கிழவரை இப்படி ஏமாற்றியவரிடம் இன்னொரு ஏழையின் வழக்கை எந்த மனத்தோடு ஒப்படைப்பது? ஏழைக்குக் கிடைக்கிற வழக்கறிஞர் குற்றவாளியின் பரிகாரமாகக் கிடைக்கக் கூடாது.

டாக்டர் தவறு செய்தால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே, வழக்கறிஞரை ஏன் முடியாது என்று நீங்கள் கேட்கலாம். 1995இல் டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வந்தார்கள். வழக்கறிஞர்களும் வருவார்கள் என்று 2007இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. அந்த வழக்கின் கதை மிகச் சின்னது. திரும்பிவந்த 20,000 ரூபாய் செக்குக்காக ஒருவர் வழக்குப் போட்டார், எதிராளி சமரசமாகிப் பணத்தைக் கொடுத்துவிட்டார், வாங்கிய வழக்கறிஞர் அதைக் கட்சிக்காரரிடம் சேர்க்காமல் ஃபீஸ் கேட்டு நிறுத்திவைத்தார் என்பது புகார். 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையத்தின் முடிவை ரத்து செய்தது. வழக்கறிஞர் தொழில் தனித்தன்மை உடையது, கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில்தான் வழக்கறிஞர் இயங்குகிறார், ஆகவே நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்றது.

கட்டுப்பாடு! தாழ்வாரத்தில் மஞ்சள் பையோடு நின்ற என் அப்பாவின் கட்டுப்பாட்டில் யார் இருந்தார்கள்? தனக்காக என்ன பேசப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது. அது ஆங்கிலத்தில் இருந்தது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று நான் எழுதும்போதெல்லாம் மொழிவெறி என்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடம் கொடுத்தாயிற்று. 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் தமிழுக்குக் கதவு திறக்கவில்லை. தன் வழக்கறிஞர் தனக்காகப் பேசினாரா, எதிராகப் பேசினாரா என்று புரியாதவர் அவர் மேல் எந்தக் குற்றத்தைக் கண்டுபிடிப்பார்?

அரசு வழக்கறிஞர் தவறினால் இன்னும் மோசம். அவரை மாற்ற உங்களுக்கு வக்காலத்து உரிமையும் கிடையாது. 2002 மார்ச் 1 அன்று, குஜராத் கலவரத்தின்போது, வதோதராவில் பெஸ்ட் பேக்கரியில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடம் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரும் விடுதலை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் எதிர்த்தரப்பு வழக்கறிஞரைப் போலவே நடந்துகொண்டதாகத் தெரிகிறது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் எழுதி, மறுவிசாரணையை மகாராஷ்டிரத்துக்கு மாற்றியது. மும்பையில் ஒன்பது பேருக்குத் தண்டனை கிடைத்தது. பின்னர் உயர் நீதிமன்றம் நால்வரின் தண்டனையை உறுதி செய்தது. அதே சாவுகள், அதே குற்றச்சாட்டு. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு குஜராத் வழக்கில், ஒரு சிறுமியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானபோது, ஒவ்வொரு விடுதலைத் தீர்ப்பையும் ஆராய்ந்து, புலனாய்விலோ வழக்கு நடத்தியதிலோ தவறியவர் யார் என்று கண்டறிந்து துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை அரசு வழக்கறிஞர்கள் மேல் அப்படி நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று உள்துறைக்குத் தகவல் உரிமை மனுப் போட இந்தப் பக்கத்தின் இளம் வாசகர்களை அழைக்கிறேன். பதிலை எனக்கு அனுப்புங்கள், ஒரு வரி விடாமல் அச்சிடுகிறேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, அம்மா. பார் கவுன்சில் புகார் காத்திருக்கட்டும், தீர்ப்பு காத்திருக்காது. ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு முப்பது நாள்தான் கெடு. அது தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். வழக்கறிஞர் சொன்னதை நம்பி இருந்தீர்கள் என்பதை அதில் தேதி தேதியாக எழுதுங்கள். வழக்கறிஞரின் தவறுக்கு அப்பாவிக் கட்சிக்காரர் ஏன் அழிய வேண்டும் என்று 1981இல் உச்ச நீதிமன்றமே கேட்டிருக்கிறது. எல்லா நீதிபதிகளும் அதே மனத்தோடு கேட்பதில்லை, ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். பழைய வழக்கறிஞரிடமிருந்து கேஸ் கட்டை வாங்குங்கள். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை, அது முறைகேடு என்று 2000இல் தீர்ப்பு இருக்கிறது. புது வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். அங்கே வருகிறவர்களில் நல்லவர்கள் நிறைய உண்டு, நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் வழக்குக்கு பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சி.என்.ஆர். எண் இருக்கும். கேட்டு வாங்கி, அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வந்துவிடும். அந்தக் காது கேளாத முதியவருக்குக் கிடைக்காத வசதி அது. உங்கள் மனுவுக்கு எண் கிடைத்ததும் அந்த எண்ணோடு எனக்கு எழுதுங்கள். ஒவ்வொரு வாய்தா அன்றும் நானும் பார்க்கிறேன்.