3எக்ஸ் + 2ஒய் = 12: சாய்வும் ஒய் வெட்டுத்துண்டும் எப்படிக் காண்பது?

ஒய்யைத் தனியாக ஒரு பக்கம் நிறுத்துங்கள், அதுதான் வேலையே. 2ஒய் = −3எக்ஸ் + 12. இரண்டால் வகுத்தால் ஒய் = −(3/2)எக்ஸ் + 6. எக்ஸின் கெழு, அதாவது எக்ஸைப் பெருக்கும் எண், −3/2; அதுதான் சாய்வு, எக்ஸ் ஒன்று கூடும்போது ஒய் எவ்வளவு மாறுகிறது என்பது. தனியாக நிற்கும் மாறிலி 6 வெட்டுத்துண்டு, கோடு ஒய் அச்சை வெட்டும் இடம். வகுக்கும் முன்பே −3 என்று எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் அங்கேதான் போகும்.

பொருள் புரிந்தால் இது மறக்காது. பாம்பனிலிருந்து ஒரு விசைப்படகு 200 லிட்டர் டீசலோடு கிளம்பி, மணிக்கு 8 லிட்டர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் மணி நேரம் கழித்து மிச்சம்: ஒய் = −8எக்ஸ் + 200. கரையை விடும்போது, அதாவது எக்ஸ் பூச்சியமாக இருக்கும்போது, டேங்கில் இருந்த 200தான் வெட்டுத்துண்டு. சாய்வு −8; டீசல் குறைந்துகொண்டே போவதால் கழித்தல் குறி. கோடு எக்ஸ் அச்சைத் தொடும் 25ஆம் மணியில் டேங்க் காலி.

எக்ஸ் = 4 போன்ற நிலைக்குத்துக் கோட்டுக்கு மட்டும் இந்த வழி செல்லாது. அதன் சாய்வை வரையறுக்க முடியாது. ஒய் அச்சை அது வெட்டுவதுமில்லை.